கண் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் அப்பச்சிக்கு ‘எச்.சி.வி. ரியாக்டிவ்’: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வளவுவீடு | 11 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வயசு 71. வலது கண்ணில் புரை முற்றிப்போய், போன வாரம் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை, காமாலை பி இல்லை, ஆனால் ‘எச்.சி.வி. ரியாக்டிவ்’ என்று வந்தது. கவுண்டரில் இருந்த பெண் சீட்டை இரண்டாக மடித்துக் கையில் கொடுத்து, “இங்க செய்ய மாட்டாங்க சார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்ப்பது என்று ஒரு வார்த்தை இல்லை.

அப்பச்சிக்குக் குடி, புகை எதுவும் கிடையாது. 1996ல் குடல் புண் ஓட்டை விழுந்து மதுரையில் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து சொட்டு எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தான்.

காரைக்குடிக்குத் திரும்பியதிலிருந்து வீடு வீடாக இல்லை. எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் ஐயா பேர் எழுத்து வெட்டியிருக்கும். ஆத்தா நேற்று ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்து, அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி, இரண்டாங்கட்டில் தனியாகக் கவிழ்த்துவிட்டார்கள். அப்பச்சி அதைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் முகப்பில் உட்கார்ந்துகொண்டார்கள்.

இது தீருகிற நோயா? அதை மட்டும் முதலில் யாராவது சொல்லுங்கள்.

கண்டாங்கி | 11 ஆகஸ்ட் 2024, இரவு 10.15

தீரும் தம்பி. நன்றாகவே தீரும். 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், இன்றைக்குத் தைரியமாகத் தூங்குங்க.

முதல் வேலை, அந்தத் தட்டை எடுத்து மற்ற தட்டோடு அடுக்கச் சொல்லுங்க. எச்.சி.வி. என்பது ஈரலைத் தாக்கும் காமாலை சி வகை (ஹெபடைடிஸ் சி) கிருமி. இது முக்கியமாக ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான் தொற்றும். ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே பாயில் படுப்பதால், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுவதால் வராது. தனியாக வைக்க வேண்டியது அப்பச்சியின் சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். அவ்வளவுதான். ஆத்தாவிடம் கோபப்படாதீங்க. அவங்க காலத்தில் காமாலை என்றாலே பாத்திரத்தைத் தனியாக வைக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஏ வகை, ஈ வகைக்கு அதில் கொஞ்சம் அர்த்தமும் உண்டு, அவை தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுகிறவை. சி அப்படி இல்லை.

செக்காலைக்காரன் | 12 ஆகஸ்ட் 2024, காலை 6.05

ஆச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் ரத்த வங்கியில் 19 வருஷம் வேலை பார்த்தவன், பரிசோதனைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

‘ரியாக்டிவ்’ என்றால் நோய் இருக்கிறது என்று இன்னும் முடிவாகவில்லை. அந்த ரத்தப் பரிசோதனைக் கார்டு பார்ப்பது கிருமியை அல்ல, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. தொற்றியவர்களில் 100க்கு 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகவே போய்விடும். எதிர்ப்பொருள் மட்டும் ஆயுசுக்கும் ரத்தத்தில் நிற்கும். அதனால் இரண்டாவதாக ஒரு பரிசோதனை கட்டாயம், ‘வைரல் லோடு’ (ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்ப்பது) என்று கேளுங்க. அதில் கிருமி தெரிந்தால்தான் மருந்து.

வெளியில் அதற்குச் சில ஆயிரம் ஆகும். அரசில் இலவசம். 2018 ஜூலை 28ஆம் தேதி மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பரிசோதனை, மாத்திரை இரண்டுக்கும் காசு கிடையாது. 2030க்குள் சி வகையை நாட்டிலிருந்து ஒழிப்பது என்பது அதன் குறி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவப் பிரிவில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, ஹெபடைடிஸ் சிகிச்சை எங்கே என்று கேளுங்க. ஆதாரும் அந்த மடித்த சீட்டும் போதும்.

1996 என்று சொன்னீங்களே, அதுதான் காரணமாக இருக்கும். ரத்தம் கொடுப்பவர்கள் எல்லாருக்கும் சி வகைப் பரிசோதனை நம் நாட்டில் கட்டாயமானது 2001ல்தான். காசுக்கு ரத்தம் விற்கிறவர்கள் முறைகூட 1998 ஜனவரியில்தான் நின்றது, அதுவும் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்ட பிறகு. 2001க்கு முன்னால் ரத்தம் ஏற்றிக்கொண்ட யாராக இருந்தாலும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

மூலிகைத்தோட்டம் | 12 ஆகஸ்ட் 2024, காலை 8.30

எங்கள் ஐயா காலத்திலிருந்து காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கிறோம். எத்தனையோ பேர் குணமாகிப் போயிருக்கிறார்கள். ஆங்கில மருந்துக்கு முன்னால் இதையும் ஒரு மண்டலம் பார்க்கலாமே. எந்தக் கெடுதலும் இல்லை.

கண்டாங்கி | 12 ஆகஸ்ட் 2024, காலை 11.50

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். கீழாநெல்லியை வெளிநாட்டுக்காரர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். பி வகைக் கிருமியைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் வாங்கிய ப்ளூம்பெர்க்கும், சென்னையில் தியாகராஜன் அவர்களின் குழுவும் சேர்ந்து 1988ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். முடிவு நம்பிக்கையாகத்தான் இருந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் பி வகைக்குப் பார்த்தது, சி வகைக்கு அல்ல.

நீங்கள் கொடுத்துக் குணமானவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏ அல்லது ஈ வகை இருந்திருக்கும். அது ஓய்வெடுத்தாலே சில வாரத்தில் இறங்கிவிடும். சி வகையில் கண் மஞ்சளாவதே அபூர்வம். 20, 30 வருஷம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைச் சுருக்கும். நாள்பட்டுத் தொற்று நிற்பவர்களில் 100க்கு 15 முதல் 30 பேருக்கு 20 வருஷத்தில் ஈரல் சுருக்கம் வரும் என்பது கணக்கு. தம்பியின் அப்பச்சிக்கு 28 வருஷம் ஆகிவிட்டது. இன்னொரு மண்டலம் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பூக்கல் | 12 ஆகஸ்ட் 2024, இரவு 8.10

நான் ஆத்தங்குடிப் பக்கம், தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற வேலை. எனக்கு இந்த நோய் 2011ல் தெரிந்தது. அப்போது இப்போதைய மாத்திரை கிடையாது. இன்டர்பெரான் ஊசி, வாரத்துக்கு ஒன்று வயிற்றில், கூடவே ரிபாவிரின். 48 வாரம் என்றார்கள். ஊசி போட்ட ராத்திரி எல்லாம் குளிர் ஜுரம், தலைமயிர் கொட்டியது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். கல்லுக்குச் சாயம் ஊற்றும்போது கை நடுங்கிப் பூ கோணிப்போகும். 22ஆவது வாரத்தில் ரத்தம் குறைந்துபோய் நிறுத்திவிட்டார்கள். நகை போனது, கிருமி போகவில்லை.

2019ல் அரசில் இலவச மாத்திரை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை, 12 வாரம். வேலைக்குப் போய்க்கொண்டே சாப்பிட்டேன். லேசாகத் தலைவலி மட்டும்தான். முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் கிருமி இல்லை. இன்று வரை இல்லை.

அண்ணே, உங்கள் அப்பச்சியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வளவுவீடு | 12 ஆகஸ்ட் 2024, இரவு 10.30

வாசித்துக் காட்டினேன் தம்பி. “இரண்டு மாத்திரைதானா” என்று இரண்டு தடவை கேட்டார்கள். தட்டு பழைய இடத்துக்குப் போய்விட்டது.

புதன்கிழமை நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப்போகிறேன். காலேஜ் படிக்கும்போது அப்பச்சியின் சவரப் பெட்டியைத்தான் நானும் எடுத்துக்கொள்வேன். ஆத்தாவையும் கூப்பிட்டேன், “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று விட்டார்கள்.

தேவகோட்டை_ரஸ்தா | 13 ஆகஸ்ட் 2024, காலை 7.20

நல்ல செய்தி. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். 2018லிருந்து திட்டம் இருக்கிறது, இலவசம், 2030க்குள் ஒழிப்பு. சரி. நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கண்ணில் புரை விழவில்லை என்றால் அப்பச்சிக்குத் தெரிந்திருக்குமா?

எகிப்தைப் பாருங்கள். 2018 அக்டோபரிலிருந்து 2019 ஏப்ரல் வரை, ஏழே மாதத்தில், கிட்டத்தட்ட 5 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள். இருந்தவர்களுக்கு எல்லாம் அங்கேயே மருந்து. 100க்கு 10 பேருக்கு இருந்த நோய் 0.38க்கு இறங்கி, 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமே அந்த நாட்டுக்கு ஒழிப்புப் பாதையில் தங்க நிலை கொடுத்தது. நம்மால் போலியோவை ஒழிக்க முடிந்தது. வீடு வீடாகப் போய் இதையும் ஏன் பார்க்கக் கூடாது? மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வருகிற அந்தப் பெண்கள் கையிலேயே ஒரு கார்டைக் கொடுத்தால் முடிந்தது.

செக்காலைக்காரன் | 13 ஆகஸ்ட் 2024, மதியம் 2.00

ஆதங்கம் நியாயமானது. ஆனால் எகிப்து கதை வேறு. அங்கே நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு நோய்க்கு 1950களிலிருந்து 80கள் வரை அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. கண்ணாடி சிரிஞ்சு, ஒரே ஊசியைக் கொதிக்க வைத்து அடுத்தவருக்கு. நல்லது செய்யப்போய் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. 100ல் 10 பேருக்கு இருக்கும்போது எல்லாரையும் பரிசோதிப்பதுதான் சரி.

நம் நாட்டில் தேசியக் குடும்ப நல ஆய்வின்போது எடுத்த ரத்த மாதிரிகளில் சி வகை எதிர்ப்பொருள் 0.32 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர். கார்டு ஆயிரத்தில் ஐந்து பேருக்குத் தப்பாகக் காட்டினால்கூட, உண்மையான மூன்று பேரோடு இந்த ஐந்து பேரும் பயந்துபோய் நிற்பார்கள். ஐந்து வீட்டில் தட்டைத் தனியாக வைப்பார்கள். அந்த மூன்று பேர் எங்கே இருப்பார்கள் என்று ஓரளவு தெரியுமே, அங்கே தேடலாம். 2001க்கு முன் ரத்தம் ஏற்றியவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், போதை ஊசி போட்டவர்கள், ஊசிக்குப் பேர்போன இடத்தில் அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டவர்கள், பச்சை குத்தியவர்கள்.

தேவகோட்டை_ரஸ்தா | 13 ஆகஸ்ட் 2024, மாலை 6.45

‘ஊசிக்குப் பேர்போன இடம்’ என்று சொல்லிவிட்டீர்கள், அதில்தான் என் வாதமே இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சந்தை நாளில் எங்கள் ஊருக்கு ஒரு கம்பவுண்டர் வருவார். திண்ணையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு அலுமினியப் பெட்டியில் கண்ணாடி சிரிஞ்சு இரண்டும் ஊசி நாலும் போட்டுக் கொதிக்கவைப்பார். தண்ணீர் கொதி வருகிறதுக்குள் கூட்டம் சேர்ந்துவிடும். அப்புறம் கொதிக்க விடுவதற்கு நேரம் ஏது? இடுக்கியால் எடுத்து, பஞ்சால் துடைத்து, அடுத்த ஆளுக்குப் போட்டுவிடுவார். ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் நம் ஆட்களே “வைத்தியம் சரியில்லை” என்பார்கள். அந்த மனுஷரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. கிருமியைக் கண்டுபிடித்ததே 1989ல்.

அப்படி ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று பார்த்தால் இந்த வட்டாரத்தில் 45 வயசுக்கு மேல் யார் மிச்சம்? அவர்களை எந்தப் பட்டியலில் தேடுவீர்கள்?

செக்காலைக்காரன் | 13 ஆகஸ்ட் 2024, இரவு 9.30

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. 45 வயசுக்கு மேல் எல்லாருக்கும் ஆயுளில் ஒரு தடவை என்று வைத்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை, கண்டுபிடித்த பிறகு தொலைந்துபோகிறவர்கள். முகாமில் ரத்தம் கொடுத்த பையனுக்கு ரியாக்டிவ் வரும். பையை அழித்துவிடுவோம். அவனைக் கூப்பிட்டுச் சொல்ல போன் போட்டால் நம்பர் தப்பு, அல்லது “வேலையா இருக்கேன் சார்” என்பான். மூன்று தடவை கூப்பிட்டு வராத ஆட்களின் பேரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நான் ஓய்வு பெறும்போது அந்த நோட்டு இரண்டாகிவிட்டது. வளவுவீடு அண்ணன் கையில் மடித்துக் கொடுத்த சீட்டும் அதே மாதிரிதான். அந்தப் பெண் ‘இந்த ஆஸ்பத்திரி, இந்த அறை, இந்தக் கிழமை’ என்று சீட்டின் பின்னால் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். உலகம் முழுக்க 5 கோடிப் பேருக்கு சி வகை இருக்கிறது என்றும், 2022 வரை அதில் 36 சதவீதம் பேருக்குத்தான் நோய் கண்டறியப்பட்டது, 20 சதவீதம் பேர்தான் மருந்து சாப்பிட்டார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் இந்த வருஷம் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் மட்டும் 55 லட்சம் பேர். நல்ல மருந்து கையில் இருந்தும் இந்தக் கணக்கு.

கிள்ளான்_காற்று | 14 ஆகஸ்ட் 2024, காலை 5.50

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாட்டையா கொண்டுவிக்க (கடல் கடந்து வியாபாரம் செய்ய) வந்த காலத்திலிருந்து இங்கேயே இருக்கிறோம், சொந்த ஊர் பள்ளத்தூர்.

இந்த மாத்திரைகளில் ஒன்றான சோபோஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1000 டாலர், முழுச் சிகிச்சைக்கு 84,000. இந்தியக் கம்பெனிகள் ஏழுக்கு 2014ல் உரிமம் கிடைத்து விலை தரைக்கு வந்தது. அவர்கள் விற்கலாம் என்று கொடுத்த 91 நாடுகளில் மலேசியா இல்லை. எங்களை ஓரளவு வசதியான நாடு என்று விட்டுவிட்டார்கள். என் மாமாவுக்கு அப்போது ஈரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. ஊருக்கு வந்து வாங்கிப்போய்ச் சாப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். 2017 செப்டம்பரில் இங்குள்ள அரசு, காப்புரிமையை மீறி அரசுத் தேவைக்கு வாங்கிக்கொள்ளும் அதிகாரத்தைப் பயன்படுத்தி மருந்தைக் கொண்டுவந்தது. மாமா அரசு ஆஸ்பத்திரியில் சாப்பிட்டுக் குணமானார். ஈரல் பழையபடி ஆகவில்லை, இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்.

உங்கள் பக்கத்தில் செய்த மருந்து, உங்கள் பக்கத்திலேயே இலவசம். பெரியவரைச் சீக்கிரம் கூட்டிப்போங்கள்.

வளவுவீடு | 19 செப்டம்பர் 2024, இரவு 9.00

தாமதத்துக்கு மன்னிக்கவும். வைரல் லோடு முடிவு வரவே மூன்று வாரம் ஆகிவிட்டது, பரிசோதனைச் சாமான் தீர்ந்துவிட்டது என்றார்கள். கிருமி இருக்கிறது. ஆனால் ஈரல் சுருங்கவில்லை. ரத்தத் தட்டணுவையும் ஈரல் நொதியையும் வைத்து ஏதோ கணக்குப் போட்டு, ஸ்கேனும் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு இல்லை.

நேற்றிலிருந்து மாத்திரை ஆரம்பம். சோபோஸ்புவிர் 400, டக்லடாஸ்விர் 60, ஒவ்வொன்றிலும் 28 மாத்திரை கொண்ட டப்பா. மாதம் ஒரு தடவை நேரில் வந்து அடுத்த டப்பா வாங்க வேண்டும். அப்பச்சி தினசரிக் காலண்டரில் 84 தாளை எண்ணி, கடைசித் தாளின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 10.

கண்டாங்கி | 19 செப்டம்பர் 2024, இரவு 9.35

மனசு நிறைந்தது தம்பி. இரண்டு விஷயம் கவனம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறார்களா என்று பாருங்க, சேர்ந்தால் துடிப்பு ஆபத்தாக இறங்கும். இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டுங்க. சுகர் இருந்தால் வீட்டில் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்க, கிருமி இறங்க இறங்கச் சர்க்கரையும் இறங்கி மயக்கம் வரலாம்.

கண் ஆபரேஷனை இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எந்த நோயாளிக்கும் ஒரே மாதிரி கையுறை, ஒரே மாதிரி ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) சுத்தம் என்று இருக்கிற இடத்தில் யாருக்கும் செய்யலாம். முடியாது என்று அனுப்பியது தப்பு.

பூக்கல் | 20 செப்டம்பர் 2024, காலை 6.30

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து இரண்டாகச் சாப்பிட வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்கள். அப்பச்சி காலண்டர் வைத்திருக்கிறார்கள், விடமாட்டார்கள்.

இன்னொன்று. இங்கே அலகு குத்துகிறவர்கள், குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துகிறவர்கள் இருந்தால் பிளேடும் ஊசியும் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மாசி பங்குனித் திருவிழாவில் நான் எங்கள் தெரு ஆட்களுக்கு ஆளுக்கொரு அலகு என்று வாங்கிக் கொடுக்கிறேன். வேண்டுதலுக்கு ஒரு குறையும் வராது.

வளவுவீடு | 10 மார்ச் 2025, இரவு 8.20

கண் ஆபரேஷன் அக்டோபரிலேயே வேறு இடத்தில் முடிந்தது. மாத்திரை டிசம்பர் 10ல் முடிந்தது. முடிந்து 12 வாரம் கழித்துப் போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். இன்றைக்கு முடிவு: ‘கண்டறியப்படவில்லை’.

அப்பச்சி கண்ணாடி இல்லாமல் தாங்களே அதை வாசித்தார்கள்.

செக்காலைக்காரன் | 10 மார்ச் 2025, இரவு 8.45

ரொம்ப ரொம்ப சந்தோஷம் அண்ணே! அந்தத் தாளை லேமினேட் செய்து வையுங்க. கார்டு பரிசோதனை இனிமேலும் ரியாக்டிவ் என்றுதான் காட்டும், அந்த எதிர்ப்பொருள் போகாது. அடுத்து எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் முதலில் இதைக் காட்டுங்க. ரத்ததானம் மட்டும் செய்யக் கூடாது. மறுபடி தொற்றவும் வாய்ப்பு உண்டு, தடுப்பூசி கிடையாது. பி வகைக்கு உண்டு, பேரப்பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறதா என்று பாருங்க.

வளவுவீடு | 10 மார்ச் 2025, இரவு 9.10

சரி அண்ணே. இன்னொரு கேள்வி. ஆத்தாவுக்கு 1989ல் கர்ப்பப்பை எடுத்தபோது ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம். இத்தனை நாள் சொல்லவே இல்லை. இன்றைக்கு அப்பச்சி தாளை வாசித்து முடித்ததும், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அப்ப என்னையும் கூட்டிப்போ” என்றார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

செக்காலைக்காரன் | 10 மார்ச் 2025, இரவு 9.15

வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்க. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். பழைய ஆபரேஷன் சீட்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் எடுத்து வாருங்க.